ஃபிளோட்டிங் பிரிட்ஜ் கிட்டாரில் கம்பி அடிக்கடி அறுகிறதா? அறுந்த முனையிலிருந்து தொடங்குங்கள்

கல்லூரிக் கலைவிழா மேடை. இரண்டாவது பாட்டின் சோலோ. வாமி பாரை (பிரிட்ஜை அசைத்துச் சுருதியை ஏற்றி இறக்கும் கைப்பிடி) அழுத்தி, சுருதியைச் சரேலென்று இறக்கும் ஒரு டைவ் அடித்துவிட்டு மேலே விட்டேன். ‘டிங்’ என்று ஒரு சத்தம். முதல் கம்பி முகத்துக்கு நேரே சுருண்டு நின்றது. ஒரு கம்பிதானே, மிச்சம் ஐந்தை வைத்து ஒப்பேற்றிவிடலாம் என்று அடுத்த கார்டைப் பிடித்தேன். கேட்கவே கூசியது. ஐந்து கம்பியும் சுருதி ஏறிப் போயிருந்தன. மிச்சப் பாட்டைக் கீபோர்டு வாசித்தவர்தான் தூக்கிக்கொண்டு போனார். நான் ஓரமாக நின்று ஸ்க்ரூவைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அதே கிட்டாரில் அதே கம்பி அடுத்த ஆறு வாரத்தில் இன்னும் மூன்று முறை அறுந்தது. ஒவ்வொரு முறையும் வேறு கம்பெனியின் செட் வாங்கிப் பார்த்தேன். கம்பி மேல் எந்தத் தப்பும் இல்லை. பிரிட்ஜில் கம்பி படிந்து உட்காரும் சின்ன உலோகத் துண்டுக்குச் சாடில் என்று பெயர். முதல் சாடிலில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிசிறு. அதைத் தேய்த்து எடுக்க ஒரு துண்டு வாட்டர் பேப்பர் போதுமாக இருந்தது. வாங்கிய செட்டுகளின் விலையை இப்போது கணக்குப் பார்ப்பதில்லை.

ஒரே கம்பி ஒரே இடத்தில் இரண்டாம் முறை அறுந்தால், குறை கிட்டாரில்தான் இருக்கும், அல்லது மாட்டும் கையில் இருக்கும். அது எங்கே என்று கண்டுபிடிப்பது எப்படி என்பதைத்தான் வரிசையாகச் சொல்லப்போகிறேன்.

ஒரு கம்பி போனால் ஏன் மொத்தமும் போகிறது

1954-இல் ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரோடு வந்த டிரெமோலோ பிரிட்ஜிலேயே இந்தச் சமாச்சாரம் தொடங்கிவிட்டது. ஆனால் இன்று ‘ஃபிளோட்டிங்’ என்றால் பெரும்பாலானோர் நினைப்பது ஃபிளாய்ட் ரோஸ் வகையை. ஃபிளாய்ட் ரோஸ் என்பது ஆளின் பெயர். கம்பியை நட்டிலும் (கழுத்தின் தலைப்பக்க முனை) பிரிட்ஜிலும் (உடல் பக்க முனை) இரண்டு பக்கமும் இறுக்கிப் பூட்டுகிற தன் வடிவமைப்புக்கு அவர் 1979-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். ராக் கிட்டாரிஸ்ட் எடி வான் ஹேலன் போன்றவர்கள் கையில் எடுத்த பிறகு 1980-களில் அது ஊரெல்லாம் பரவியது. ஐபனெஸ் கம்பெனியின் எட்ஜ் வகைப் பிரிட்ஜுகளும் அதே குடும்பம்.

இந்தப் பிரிட்ஜ் உடலோடு திருகப்பட்டு உட்கார்ந்திருப்பதில்லை. இரண்டு தூண்களில் கத்தி முனைபோல் சாய்ந்துகொண்டு, முன்னால் கம்பிகளும் பின்னால் ஸ்பிரிங்குகளும் இழுக்க, நடுவில் மிதக்கிறது. கயிறு இழுக்கும் போட்டியில் இரண்டு அணியும் சம பலத்தோடு நிற்கிற மாதிரி. நட்டிலிருந்து சாடில் வரை 25.5 அங்குலம் (ஸ்கேல்) உள்ள கிட்டாரில் 10–46 செட்டை (மெல்லிய கம்பி 0.010 அங்குலம், தடித்த கம்பி 0.046 அங்குலம்) ஸ்டாண்டர்ட் டியூனிங்கில் வைத்தால் ஆறு கம்பிகளும் சேர்ந்து சுமார் 46 கிலோ இழுக்கின்றன. 9–42 செட் என்றால் 38 கிலோ அளவில். இதில் மெல்லிய ஈ கம்பி, அதாவது முதல் கம்பி மட்டும் 10 கேஜில் (தடிமனில்) 7 கிலோவுக்குக் கொஞ்சம் மேல் தாங்குகிறது. அது அறுந்த நொடியில் ஒரு ஆள் கயிற்றை விட்டுவிட்டார் என்று அர்த்தம். ஸ்பிரிங் அணி பிரிட்ஜைப் பின்னால் இழுத்துக்கொண்டு போகும், மிச்ச ஐந்து கம்பிகளும் கூடுதலாக விறைக்கும், சுருதி ஏறும். மேடையில் எனக்கு நடந்தது இதுதான்.

இன்னொரு கணக்கும் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. ஒரே நீளத்தில் ஒரே சுருதிக்கு ஏற்றினால், சுற்றில்லாத கம்பி (மேலே வேறு கம்பி சுற்றாத வெறும் எஃகு) மெல்லியதோ தடிமனோ, அதன் உலோகத்தின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் தாங்குகிற பளு ஒன்றுதான். சுருதி ஏற ஏற அந்தப் பளு சுருதியின் இருமடிப் பெருக்கமாக ஏறும். அதனால்தான் மெல்லிய ஈ கம்பி எப்போதும் எல்லைக்குப் பக்கத்தில் நிற்கிறது. அதன் பலத்தில் ஏறக்குறைய பாதி சும்மா டியூன் செய்து வைத்திருப்பதற்கே செலவாகிவிடுகிறது. இரண்டாவதான பி கம்பி அதைவிட நிறையக் குறைவு. மூன்றாவதான, சுற்றில்லாத ஜி கம்பி ஈ கம்பியின் பளுவில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். ஆகவே ஈ கம்பி அறுந்தால் கொஞ்சம் யோசிக்கலாம். ஜி கம்பி அறுந்தால் யோசிக்கவே வேண்டாம், ஏதோ ஒன்று அதை வெட்டுகிறது.

படி 1: அறுந்த துண்டைத் தூக்கிப் போடாதீர்கள்

எல்லோரும் முதலில் செய்வது, அறுந்த கம்பியைச் சுருட்டிக் குப்பையில் போடுவது. இருக்கிற ஒரே சாட்சி அதுதான்.

ஃபிளாய்ட் வகை என்றால் நீளத் துண்டு இன்னும் நட் கிளாம்பில் மாட்டிக்கொண்டிருக்கும். அதைக் கழற்றாமல், நீட்டிப் பிடித்துப் பிரிட்ஜ் பக்கம் கொண்டு போங்கள். முனை எந்த இடத்தில் முடிகிறதோ அங்கேதான் அறுந்திருக்கிறது. சாடிலின் முன் வளைவுக்கு நேரே முடிகிறதா? அதைத் தாண்டி 1 செ.மீ. உள்ளே, கம்பியை இறுக்குகிற கட்டைக்கு (கிளாம்ப்) நேரே முடிகிறதா? இல்லை, பிக் படுகிற இடத்துக்கு நேரே அந்தரத்திலா? சாடிலுக்குள் சின்னத் துண்டு மிச்சமிருந்தால் அதையும் எடுத்து வையுங்கள்.

அப்புறம் முனையைப் பாருங்கள். வெறும் கண்ணுக்குத் தெரியாது. ஃபோன் கேமராவை ஜூம் செய்து வெள்ளைத் தாளின் மேல் வைத்து ஒரு படம் எடுத்தால் போதும்.

முனை தட்டையாக, வெற்றிலையை நசுக்கிய மாதிரி இருந்தால், கிளாம்ப் அதைக் கொன்றிருக்கிறது. ஒரு பக்கம் பளபளவென்று ஒரு வெட்டும் மறுபக்கம் கரடுமுரடாகவும் இருந்தால், ஏதோ பிசிறு கொஞ்சம் கொஞ்சமாக அறுத்து, மிச்சம் ஒரே இழுப்பில் போயிருக்கிறது. முனை மெலிந்து கூராக முடிந்தால், கம்பியை அதன் சக்திக்கு மேல் இழுத்திருக்கிறீர்கள். மெலிவே இல்லாமல், மடங்கின இடத்தில் மொட்டையாக உடைந்திருந்தால், அது வளைந்து வளைந்து களைத்து உடைந்தது. கட்டுக்கம்பியைக் கட்டர் இல்லாமல் கையால் முன்னும் பின்னும் மடக்கி ஒடிப்போமே, அதேதான். பழுப்பாக இருந்தால் சொல்லவே வேண்டாம், துரு.

படி 2: சாடிலின் முன் வளைவில் அறுந்தால்

வீட்டுக்கு வரும் கிட்டார்களில் நான் அதிகம் பார்ப்பது இது. காரணமும் தெளிவு. பாரை ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் பிரிட்ஜ் முன்னால் சாய்கிறது, கம்பி சாடிலை விட்டுக் கிளம்புகிற கோணம் மாறுகிறது, விட்டதும் பழையபடி. ஒரு பாட்டில் இருபது டைவ் என்றால் கம்பி அந்த ஒரே புள்ளியில் இருபது முறை மடங்கி நிமிர்கிறது. அந்த இடம் வழவழப்பாக இருந்தால் மாதக்கணக்கில் தாங்கும். அங்கே ஊசிமுனை அளவு பிசிறு இருந்தால் ஒரு வாரத்தில் போய்விடும்.

பிசிறைக் கண்டுபிடிக்கக் காது குடையும் பட்ஸ் போதும். கம்பியைக் கழற்றிவிட்டு, அந்தப் பஞ்சு முனையைச் சாடிலின் வளைவில் மெதுவாக முன்னும் பின்னும் இழுங்கள். பஞ்சின் ஒரு நார் எங்கேயாவது மாட்டினால், பிசிறு அங்கேதான் இருக்கிறது. விரல் நகத்தால் தடவியும் பார்க்கலாம், ஆனால் நகத்துக்குத் தெரியாததும் பஞ்சுக்குத் தெரியும்.

தேய்ப்பதற்கு முன்னால் ஒரு வேலை. பிக்கப்புகளின் (கம்பிகளுக்கு அடியில் இருக்கும், ஒலியைப் பிடிக்கும் காந்தங்கள்) மேல் பேப்பர் டேப் ஒட்டுங்கள். தேய்க்கும்போது விழுகிற இரும்புத் தூள் காந்தத்தில் போய் ஒட்டிக்கொண்டால், அதை எடுப்பது தனிக் கொடுமை. முடிந்தால் சாடிலையே கழற்றி மேஜையில் வைத்துத் தேய்ப்பது இன்னும் நல்லது. அப்படிக் கழற்றினால், அது முன்னால் எங்கே இருந்தது என்று டேப்பில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இன்டொனேஷனை, அதாவது கழுத்து முழுக்கச் சுருதி சரியாக வரும்படி சாடில் நிற்கும் இடத்தை, முதலிலிருந்து வைக்க வேண்டியிருக்கும்.

கார் பெயின்ட் வேலைக்கு விற்கும் வாட்டர் பேப்பரில் 1000 நம்பரும் 2000 நம்பரும் வாங்கிக்கொள்ளுங்கள். 1000-ஐ மெல்லிய பட்டையாக வெட்டி, கம்பி போகிற அதே திசையில், ஷூவுக்குப் பாலிஷ் துணி போடுகிற மாதிரி வளைவோடு சேர்த்து இழுங்கள். பத்துப் பதினைந்து இழுப்பு. பஞ்சு மாட்டுவது நின்றதும் 2000-க்கு மாறுங்கள். கடைசியில், கழற்றிய பழைய சுற்றுக் கம்பி ஒன்றில் பிராசோ மாதிரி மெட்டல் பாலிஷைத் தடவி அந்தத் தடத்தில் நாலு இழுப்பு இழுத்தால் கண்ணாடியாக நிற்கும். அரத்தைத் தொடாதீர்கள். பிசிறை எடுத்தால் போதும், உயரத்தைக் குறைக்கக் கூடாது. ஃபிளாய்ட் பிரிட்ஜில் சாடில்கள் மூன்று உயரங்களில் ஜோடி ஜோடியாக வருகின்றன. ஃபிங்கர்போர்டின் வளைவுக்குத் தோதாக நடுவில் உள்ளவை உயரம், ஓரத்தில் உள்ளவை தாழ்வு. ஒன்றைத் தேய்த்துத் தாழ்த்திவிட்டால் அந்தக் கம்பி மட்டும் பக்கத்துக் கம்பியைவிடக் கீழே கிடக்கும்.

விலை குறைந்த கிட்டார்களில் வருகிற வார்ப்புச் சாடில்கள் வேறு கதை. உலோகம் மென்மையாக இருப்பதால் கம்பியே அதில் பள்ளம் தோண்டிவிடும். தேய்த்துச் சரிசெய்தாலும் சில மாதத்தில் அதே பள்ளம் திரும்ப வரும். பள்ளம் கண்ணுக்கே தெரிகிற அளவு ஆழமென்றால் நேரத்தை வீணாக்காமல் சாடிலை மாற்றுங்கள். வாங்கும்போது உயரத்தையும் அகலத்தையும் அளந்து வாங்குங்கள். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் ஒரு பிரிட்ஜுக்கான சாடில் இன்னொன்றில் சரியாக உட்காராது.

எண்ணெய், கிராஃபைட் போட்டால் சரியாகிவிடும் என்று சொல்வார்கள். பூட்டு இல்லாத ஸ்ட்ராட் வகைப் பிரிட்ஜில் கம்பி சாடில் மேல் கொஞ்சம் வழுக்கும், அங்கே பென்சில் கரி உதவும். ஃபிளாய்டில் கம்பி அங்கேயே பூட்டியிருக்கிறது, வழுக்குவதற்கு ஒன்றுமில்லை. கரி பூசி என்ன பயன்? கை கறுப்பாவதுதான் மிச்சம்.

படி 3: கிளாம்புக்குள் அறுந்தால்

முனை நசுங்கியிருக்கிறது, துண்டு சாடிலுக்குள்ளேயே முடிகிறது. அப்படியானால் மாட்டும் விதத்தில்தான் பிழை. நான்கு இடங்களில் பாருங்கள்.

முதலாவது, இறுக்கம். 3 மி.மீ. ஆலன் கீயின் நீளப் பக்கத்தைப் பிடித்து முழுக்கையால் திருகுகிறவர்கள் நிறைய. கம்பி வழுக்கிவிடுமோ என்ற பயம். கீயின் குட்டைப் பக்கத்தைப் பிடித்து இரண்டு விரலால் இறுக்கி, நின்ற பிறகு ஒரு சின்ன அழுத்தம். அதற்கு மேல் போனால் கம்பி நசுங்கும். இன்னும் மேலே போனால் ஸ்க்ரூவின் மரை போகும், சில சாடில்கள் விரிசலே விட்டுவிடும்.

இரண்டாவது, இறுக்குகிற குட்டிக் கட்டை. கம்பியை அழுத்திப் பிடிக்கிற இந்த எஃகுத் துண்டில் நாளடைவில் கம்பியின் தடம் பதிந்து பள்ளமாகிவிடும். பள்ளத்தின் விளிம்பு கத்தி மாதிரி. கம்பியும் அந்தப் பள்ளத்தில் வழுக்கும். வழுக்குகிறதே என்று நாம் இன்னும் இறுக்குவோம். விளிம்பு இன்னும் ஆழமாக வெட்டும். கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். பல மாடல்களில் கட்டையைத் திருப்பிப் போட்டாலே புது முகம் கிடைத்துவிடும். எல்லாப் பக்கமும் தேய்ந்திருந்தால் புதிது வாங்குங்கள். பிரிட்ஜிலேயே மலிவான பாகம் இதுதான். கழற்றும்போது கிட்டாரைக் கவிழ்க்காதீர்கள். கட்டை கீழே விழுந்து உருண்டோடினால் அதோடு சேர்ந்து நாமும் தரையில் தவழ வேண்டியதுதான்.

மூன்றாவது, வெட்டிய இடம். ஃபிளாய்டில் கம்பியின் குண்டு முனையை வெட்டிவிட்டுத்தான் மாட்ட வேண்டும். அந்தக் குண்டுக்கு மேல் கம்பி தன்னைத்தானே சுற்றிக்கொண்டிருக்கும் முறுக்கு ஒன்று இருக்கும். சிக்கனம் பார்த்து முறுக்கின் நடுவில் வெட்டி, அதை அப்படியே கிளாம்புக்குள் தள்ளினால், சமமில்லாத ஒன்றை இறுக்குகிறோம். ஒரு பக்கம் நசுங்கும், மறுபக்கம் பிடிக்காது. முறுக்கு முழுக்கப் போகும்படி தள்ளி வெட்டுங்கள்.

நான்காவது, கம்பி நடுவில் இருக்கிறதா என்பது. கட்டையின் ஓரத்தில் சாய்ந்து நுழைந்த கம்பி, மூலையில் மாட்டி நறுக்கப்படும். நேராகக் கீழே, தட்டும் வரை இறக்கி, மறு கையால் விட்டுவிடாமல் பிடித்துக்கொண்டே இறுக்குங்கள்.

இங்கே எனக்குப் பிடித்த ஒரு தந்திரம் உண்டு. கம்பியைத் தலைகீழாக மாட்டுவது. குண்டு முனையைத் தலைப்பகுதியில் உள்ள டியூனர் ஓட்டைக்குப் பின்னால் நிறுத்தி, மொட்டை முனையை நட் வழியாகக் கொண்டுவந்து அளவு பார்த்து வெட்டிப் பிரிட்ஜில் இறுக்கலாம். முறுக்குப் பிரச்சினையே வராது. டியூனரில் இரண்டு மூன்று சுற்று உபரியாக விட்டு வைத்தால், நாளைக்குச் சாடிலில் அறுந்தாலும் நட்டைத் திறந்து, டியூனரைத் தளர்த்தி, அதே கம்பியைக் கீழே இழுத்துத் திரும்ப மாட்டிக்கொள்ளலாம். புதுக் கம்பி கையில் இல்லாத இரவுகளில் இது என்னைக் காப்பாற்றியிருக்கிறது.

படி 4: நட் பக்கம் அறுந்தால்

இங்கே முதல் சந்தேகம் நம் மேல்தான். நட் பூட்டியிருப்பதை மறந்துவிட்டு டியூனரைத் திருகினீர்களா? சுருதி கொஞ்சம் இறங்கியிருக்கிறது, பழக்க தோஷத்தில் கை தலைப்பகுதிக்குப் போகிறது, திருகுகிறோம், சுருதி மாறவில்லை, இன்னும் திருகுகிறோம். நட்டுக்கும் டியூனருக்கும் இடையில் உள்ள அந்தச் சின்னத் துண்டுதான் முழு இழுப்பையும் வாங்குகிறது. பட்டென்று போகும். என்னிடம் கிட்டார் கொண்டுவந்த பையன் ஒருவன் ‘அண்ணா, நட்டுதான் வெட்டுது, பாருங்க’ என்றான். அறுந்த முனை மெலிந்து கூராக இருந்தது. ‘டியூனரத் திருகினியா?’ என்று கேட்டதும் சிரித்துவிட்டான். நட் பூட்டிய பிறகு டியூனிங் எல்லாம் பிரிட்ஜில் உள்ள ஃபைன் டியூனரில் மட்டும். அதில் எல்லை வந்துவிட்டால் நட்டைத் திறந்து, ஃபைன் டியூனரை நடுவில் வைத்து, டியூனரில் சரிசெய்து, திரும்பப் பூட்டுங்கள்.

அது இல்லையென்றால் நட்டுக்குப் பின்னால் குறுக்கே இருக்கும் பட்டையைப் பாருங்கள். கம்பிகள் நட்டின் வளைவில் படிந்து உட்காரத்தான் அது இருக்கிறது. அதை அளவுக்கு மேல் இறக்கினால் கம்பி அங்கே கூர்மையாக மடியும். கம்பி நட்டில் படியும் வரை இறக்கினால் போதும். நட்டின் மேல் இறுக்குகிற மூன்று சின்னப் பட்டைகளின் அடியிலும் கம்பித் தடம் பதியும். தடம் ஆழமானால் திருப்பிப் போடலாம், இல்லாவிட்டால் மாற்றலாம்.

மற்ற இடங்கள், சுருக்கமாக

ஸ்ட்ராட் வகையில் குண்டு முனைக்குப் பக்கத்தில், முறுக்கு முடியும் இடத்தில் அறுந்தால், கம்பி வெளியே வரும் ஓட்டையின் விளிம்பில் உரசுகிறது என்று அர்த்தம். அந்த விளிம்பையும் மேலே சொன்ன மாதிரி வாட்டர் பேப்பரால் உருட்டிவிடுங்கள். எப்போதும் ஒரே ஃபிரெட்டின் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) மேல் அறுந்தால் அந்த ஃபிரெட்டில் பள்ளம் இருக்கிறது. பிக் படும் இடத்தில் அறுந்தால், பிக்கின் விளிம்பு ரம்பமாகத் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கத்தி முனை, தூண்கள், ஸ்பிரிங் ஆகிய மூன்றையும் பற்றி நிறையப் பேசுவார்கள். அவை தேய்ந்தால் பாரை விட்டபின் சுருதி திரும்ப வராது. கம்பி அறுவதற்கும் அவற்றுக்கும் சம்பந்தம் இல்லை. அங்கே காசைப் போடாதீர்கள்.

பாரை மேலே இழுப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. மெல்லிய ஈ கம்பியின் சுருதியை மூன்று ஃபிரெட் அளவு ஏற்றினால் இழுவிசை சுமார் 41 சதவீதம் கூடும். ஐந்து ஃபிரெட் என்றால் கிட்டத்தட்ட 78 சதவீதம். ஏற்கெனவே பாதிப் பலத்தில் நிற்கிற கம்பிக்கு இது எல்லைக்கோடு. நல்ல கம்பி, வழவழப்பான சாடில் என்றால் தாங்கும். சின்னக் காயம் இருந்தாலும் தாங்காது.

துருவும் வியர்வையும்

சுற்றில்லாத கம்பிகள் எஃகுதான். மேலே மெல்லிய ஈயப்பூச்சோடு வருகின்றன. வெள்ளீயம்தான் அது. பூச்சு தேய்ந்த இடத்தில் வியர்வையின் உப்பு நேராக எஃகைத் தின்கிறது. சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் மாதிரிக் கடலோர ஊர்களில் கிட்டாரை வெளியே ஸ்டாண்டில் வைத்திருந்தால் வாசிக்காத கம்பியும் பழுக்கும். துரு முதலில் சாடிலுக்குள், கிளாம்பின் இருட்டில் வரும். மேலே பளபளப்பாக இருக்கும் கம்பியும் உள்ளே பழுப்பாக இருக்கலாம். வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் கம்பியின் மேலும் அடியிலும் துடைத்துவிட்டு உறையில் போட்டு வையுங்கள், கூடவே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம். கம்பி மாற்றும் ஒவ்வொரு முறையும் சாடிலின் உட்புறத்தைப் பழைய பல் துலக்கியால் தட்டிச் சுத்தம் செய்யுங்கள். அங்கே சேர்ந்திருக்கும் பழுப்புத் தூள் புதுக் கம்பியையும் சீக்கிரம் கெடுக்கும்.

படி 5: திரும்ப மாட்டுவது

1. பிரிட்ஜின் பின் விளிம்புக்கு அடியில், துணி சுற்றிய 9 வோல்ட் பேட்டரியோ சின்ன மரத்துண்டோ செருகுங்கள். பிரிட்ஜின் அடித்தட்டு உடலுக்கு இணையாக நிற்க வேண்டும். கம்பி இல்லாவிட்டாலும் ஸ்பிரிங்கால் அதைப் பின்னால் இழுக்க முடியாது. செருக வழியில்லாத கிட்டார் என்றால் ஒவ்வொரு கம்பியாகக் கழற்றி மாட்டுங்கள்.

2. நட்டைத் திறந்து, ஃபைன் டியூனர்கள் எல்லாவற்றையும் அவற்றின் ஓட்டத்தில் நடுவுக்குக் கொண்டுவாருங்கள்.

3. முறுக்கு போக வெட்டிய கம்பியைச் சாடிலில் நேராக இறக்கி, இரண்டு விரல் பலத்தில் இறுக்குங்கள். சுற்றுக் கம்பியில் உள்ளே அறுகோண உள்கம்பி இருந்தால் வெட்டியபின் சுற்று அவிழாது. உருண்டை உள்கம்பி உள்ள செட் என்றால், வெட்டும் இடத்துக்கு முன்னால் ஒரு மடிப்பு மடித்துவிட்டு, அதற்கு அப்பால் வெட்டுங்கள்.

4. சுருதிக்கு ஏற்றி, 12-ஆம் ஃபிரெட் பக்கத்தில் கம்பியை விரலால் மெதுவாகத் தூக்கி இழுங்கள். இறங்கும். திரும்ப ஏற்றுங்கள். இறங்குவது நிற்கும் வரை மூன்று நான்கு முறை. வெடுக்கென்று இழுக்காதீர்கள், மடிப்பு விழுந்தால் அங்கேயே நாளைக்கு உடையும்.

5. எல்லாம் சுருதிக்கு வந்ததும் செருகியிருக்கும் கட்டையைத் தொட்டுப் பாருங்கள். இறுக்கமாக மாட்டியிருந்தால் ஸ்பிரிங் பலம் அதிகம். உடலின் பின்பக்கம் ஸ்பிரிங்குகளைப் பிடித்திருக்கும் நகம் போன்ற உலோகத் தகட்டின் இரண்டு ஸ்க்ரூக்களையும் கால் கால் திருப்பாகத் தளர்த்தி, கட்டை லேசாகக் கழன்று வரும்போது நிறுத்துங்கள். சுருதி வருவதற்கு முன்னாலேயே கட்டை விழுந்துவிட்டால் ஸ்பிரிங் போதவில்லை. அதே ஸ்க்ரூக்களை இறுக்குங்கள். பழைய கேஜையே போட்டிருந்தால் பெரும்பாலும் இந்த வேலையே இருக்காது. 9-இலிருந்து 10-க்குப் போனால் கட்டாயம் இருக்கும்.

6. கட்டையை எடுத்த பிறகு ஒரு சுற்று டியூன் செய்து, நட்டைப் பூட்டி, ஃபைன் டியூனரில் கடைசித் திருத்தம். அப்புறம் பத்து டைவ் அடித்துவிட்டு, அறுந்த அந்தக் கம்பியின் சாடில் புள்ளியை மறுபடி ஃபோன் கேமராவில் பாருங்கள். கம்பியில் வெள்ளைக் கீறல் தெரிந்தால் பிசிறு இன்னும் இருக்கிறது. படி 2-க்குத் திரும்புங்கள்.

மேடையில் அறுந்தால்

இரண்டாவது கிட்டார் இருந்தால் அதை எடுங்கள், அதைவிடச் சிறந்த வழி கிடையாது. ஒன்றுதான் இருக்கிறது, பெரிய டைவ் எதுவும் தேவையில்லை என்றால், ஸ்பிரிங்குகள் இருக்கும் பின்பக்கக் குழியில் டிரெமோல்-நோ மாதிரிப் பூட்டு ஒன்று பொருத்திக்கொள்ளலாம். அதன் திருகை இறுக்கிவிட்டால் பிரிட்ஜ் அசையாது. ஒரு கம்பி போனாலும் மிச்சம் ஐந்தும் சுருதியில் நிற்கும். அதற்குச் செலவழிக்க மனமில்லாத நாட்களில் நான் செய்தது இது: பின்பக்க மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, பிரிட்ஜின் அடிக்கட்டைக்கும் குழியின் சுவருக்கும் இடையில் இரண்டு பக்கமும் அளவாக வெட்டிய மரத்துண்டை டேப் போட்டுச் செருகிவிடுவேன். பார் வேலை செய்யாது. பாட்டு நிற்காது. பையில் 3 மி.மீ. ஆலன் கீ ஒன்றும், குண்டு முனை ஏற்கெனவே வெட்டிய முதல் கம்பி இரண்டும் இப்போதும் கிடக்கின்றன.